கூரைக்குக் கீழே இரண்டடி

ஜனவரி 12

என் வாயாடிக்கு,

நான் நலம். என் முதுகுவலி என்னைவிட நலம். நீ எப்படி இருக்கிறாய்? குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா? மாப்பிள்ளை, உன் மாமியார் எல்லோரும் சுகம்தானே?

உன் வீட்டுக்குப் போன் செய்தால் எப்போதும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ வேலையா இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதம் போட்டாலோ இரண்டு பேர் படித்து முடித்த பிறகுதான் உன் கைக்கு வருகிறது. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இனி வாரா வாரம் என் அலுவலகத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஒரு வரைபடக் கட்டு வரும். அதற்குள் உனக்கு ஓர் உறை இருக்கும். அங்கே கட்டட வேலையை நடத்தப்போகும் கொத்தனாரம்மா எடுத்துத் தருவார். பதிலையும் அவரிடமே கொடு.

என்ன கட்டடம் என்று கேட்கிறாயா? உங்கள் ஊரில் வரப்போகிற பெண்கள் பயிற்சி மையத்தைக் கட்டும் வேலை எனக்குத்தான் கிடைத்திருக்கிறது! பதினோரு வருடமாக எந்தக் கட்டடத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தேனோ, அதை இப்போது மண்ணில் கட்டப் போகிறேன். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண்ணையே கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அச்சில் அழுத்திக் கல்லாக்குவோம். சூளை கிடையாது, புகை கிடையாது. மையத்துக்கு வரப்போகும் பெண்களே கல் செய்வார்கள். உன் பேரையும் கொடுத்துவிட்டேன். உள்ளே எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. இரண்டடி கீழேயே நின்றுவிடும். சூடான காற்று மேலே ஏறி, எல்லா அறைகளின் தலைக்கு மேலும் ஓடி, உச்சியிலுள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். மின்விசிறியே வேண்டாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்.

உன் அளவுகோல் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அளவுகோல் அக்காவுக்கு,

உன் முதுகுவலிக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு யாருக்கும் தர மாட்டேன் என்கிறாள்.

உன் மண் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. முதல் நாள் கொத்தனாரம்மா ஈர மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடச் சொன்னார். பொடியாக உதிர்ந்தால் மணல் அதிகம், அப்படியே சப்பையாக உட்கார்ந்தால் களிமண் அதிகம், நாலைந்து துண்டாக உடைந்தால் சரியான பதமாம். நாங்கள் பதினெட்டுப் பேரும் காலையிலிருந்து உருண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். அந்தப் பக்கம் போனவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கொத்தனாரம்மா சிரிக்கவே இல்லை. அவருக்குச் சிரிக்கத் தெரியுமா என்பதை உன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்டுப் பார்.

நேற்று உன் வரைபடத்தைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல்லை வைத்து எங்களுக்குக் காட்டினார். தையல் கூடம், அதை ஒட்டிச் சின்ன அறை. அந்தச் சின்ன அறைதான் ஆலோசனை அறை, ஒரு புதன் விட்டு ஒரு புதன் வக்கீலம்மா வந்து உட்காருவார், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்றார். நான் கேட்டேன்: "அந்த ஒரு ரூமுக்கு மட்டும் சுவரக் கூரை வரைக்கும் ஏத்தக் கூடாதா?" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "படத்துல இல்லாத கல்ல நான் வைக்க மாட்டேன். உங்க அக்காவையே கேளு" என்று கொத்தனாரம்மா சொல்லிவிட்டார். அதனால் கேட்கிறேன். அந்த ஒரு அறைதான் அக்கா. அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டாமா?

என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கல் அச்சின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்தே கிடக்காதே.

உன் வாயாடி


பிப்ரவரி 19

என் வாயாடிக்கு,

வீக்கம் வடிந்ததா? வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

அச்சில் வேலை செய்யும்போது எப்போதும் இடது பக்கம் நில். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கு. மூடி திறந்திருக்கும்போது பெட்டிக்குள் கையை விடாதே. இதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் படித்துக் காட்டு.

சின்ன அறை விஷயம். நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அது கடைசி அறை. எல்லாக் காற்றும் அதன் தலைக்கு மேலே ஓடித்தான் வெளியே போக வேண்டும். அதை அடைத்தால் மூக்கின் ஒரு துவாரத்தைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிடும். அந்த அறையும் வெந்துபோகும், தையல் கூடமும் புழுங்கும். கட்டடத்துக்கு உயிரே அந்த இரண்டடியில்தான் இருக்கிறது. மெதுவாகப் பேசிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உனக்குத்தான் மெதுவாகப் பேச வராது!

சுவர் எழும்பி ஓடு போட்டதும் உனக்கு மூன்று தெர்மாமீட்டர் வரும். ஒன்று வெளியே, ஒன்று தையல் கூடத்தில், ஒன்று சின்ன அறையில். தினமும் காலை பதினொன்று, மதியம் இரண்டு என்று இரண்டு வேளை பார்த்து எழுத வேண்டும். ஆள் இருந்தால் சூடு ஏறும், அதனால் ஒவ்வொரு தடவையும் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் எழுது. கட்டங்கள் போட்ட தாள் வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட விடக் கூடாது.

குட்டிக்கு ஒரு பெரிய முத்தம்.

அளவுகோல்


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபமா? உன் நான்கு உறைகளையும் கொத்தனாரம்மா தன் கலவைச் சட்டியில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் சிமெண்ட் வாசனையோடு படித்தேன். உன் கண் பரிசோதனை என்ன ஆயிற்று? கண்ணாடி போட்டாயா?

நான் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. வீட்டில் வேலை இருந்தது. இப்போது மறுபடி வருகிறேன். என் மாமியாரும் தையல் வகுப்பில் பேர் கொடுத்திருக்கிறார். சேர்ந்து வந்து சேர்ந்து போகிறோம். அப்படியென்றால் வரலாம் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார்.

கட்டடம் அழகாக இருக்கிறது அக்கா. பொய் சொல்லவில்லை. மதிய வெயிலில் உள்ளே வந்தால் யாரோ நெற்றியில் ஈரத்துணி போட்டது மாதிரி இருக்கிறது. முதல் வாரக் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியே 39, கூடம் 34, சின்ன அறை 32. உன் சின்ன அறைதான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி. நான் தெர்மாமீட்டர் பார்க்கப் போவதாகச் சொன்னால் யாரும் எங்கே, ஏன் என்று கேட்பதில்லை. மதியம் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நேற்று சின்ன அறையில் நின்றுகொண்டு, கொத்தனாரம்மாவைக் கூடத்தின் மறுகோடிக்குப் போகச் சொல்லி, ரொம்ப மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது: "எனக்கு இதை யாருகிட்டயாவது சொல்லணும். அதானே சொன்ன?" ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னார் அக்கா. அதன் பிறகு அவர் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு இன்னொரு தடவ எழுது" என்றார்.

எழுதுகிறேன். மேலே கண்ணாடி வைக்கலாமா? பலகை? சாக்கையாவது தைத்துத் தொங்கவிடலாமா? சூடு ஏறினால் நான் பொறுத்துக்கொள்வேன். அதாவது உள்ளே உட்காருகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாயாடி


ஜூன் 2

என் செல்ல வாயாடிக்கு,

கண்ணாடி போட்டாயிற்று. நாற்பத்தைந்து வயது என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே?

ஏழு டிகிரி! தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் முழுவதும் ஓடினேன். முதுகுவலிகூட வழிவிட்டது. உன் கட்டங்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன! இதை வைத்துத்தான் கட்டடத்தை ஒரு பரிசுக்கு அனுப்பியிருக்கிறேன். தேர்வாகிவிட்டால் நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். இந்தச் சமயத்தில் மேலே சாக்கும் பலகையும் தொங்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதே. காலிக் கட்டடத்தில் எறும்பு நடந்தாலும் கேட்கும். அடுத்த மாதம் பன்னிரண்டு தையல் மெஷின் வருகிறது. அத்தனையும் ஓடும்போது யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? நடுவர்கள் வந்து போகட்டும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் பார்க்கலாம்.

உன் மாமியார் தையல் கற்றுக்கொள்வது நல்ல செய்தி. இந்த வயதில் எத்தனை பேருக்கு அந்த ஆர்வம் வரும்? விசாரித்ததாகச் சொல்.

அளவுகோல்


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். குட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். உன் கடிதத்தில் 'முதுகு' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். அதிகம் வருகிற வார்த்தை அல்லவா?

மெஷின் வந்துவிட்டது. நீ சொன்னது சரிதான். பன்னிரண்டும் ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. என் மாமியாருக்கு மூன்றாவது மெஷின், சின்ன அறைச் சுவரை ஒட்டியது. நேர்த்தியாகத் தைக்கிறார்.

வக்கீலம்மா வருகிறார். நல்ல மனுஷி. அவரிடம் ஒருத்தி வருகிறாள். முதல் தடவை முழுக்க வெயிலைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போய்விட்டாளாம். இரண்டாவது தடவை தன் கையைக் காட்டினாளாம். இன்னொரு தடவை வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால், அதை எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கி, வக்கீலம்மா கோர்ட்டில் மனுக் கொடுப்பார். மனுக் கொடுத்த பிறகு அவள் அந்த வீட்டில் இருக்க முடியாது. ஆறு வயதுக் குழந்தையும் அவளும் ஒரு மாதம் எங்கேயாவது இருக்க வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன். உன் மாடி அறை இப்போது காலியாகத்தானே இருக்கிறது? நான்கு வருடத்துக்கு முன்னால் நான் பெட்டியோடு வந்தபோது அங்கேதானே உட்கார்ந்திருந்தேன். நீ காபி கொடுத்து, "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்று சொல்லி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். காபி நன்றாக இருந்தது. அந்த அறையில் ஒரு மாதம் அவளை வைத்துக்கொள்வாயா? தொந்தரவு தர மாட்டாள். கொஞ்சம் அதிகம் பேசுவாள், அவ்வளவுதான்.

பதில் சீக்கிரம் எழுது அக்கா.

உன் வாயாடி

பின்குறிப்பு: புதன்கிழமைக் கட்டத்தில் சின்ன அறையில் 'இருவர்' என்று எழுதியிருக்கிறேன். நீ கேட்டபடி ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 1

என் வாயாடிக்கு,

எல்லோரும் சுகமா? எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கமே சரியில்லை, சந்தோஷத்தில்! தேர்வாகிவிட்டோம். ஆகஸ்ட் 20, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் வருகிறார்கள். நானும் அவர்களோடு வருகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்கள் கூடத்துக்குள் வந்ததும் எல்லா மெஷினையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட வேண்டும். விசிறி இல்லாத கட்டடம் எவ்வளவு அமைதியாக மூச்சு விடுகிறது என்று அவர்கள் காதால் கேட்க வேண்டும். தையல் டீச்சரிடம் நீயே சொல்லிவிடு.

உன் தோழி விஷயம். பாவம்தான். ஆனால் மாடி அறை முழுக்கக் கட்டட மாதிரிகள் அடுக்கி வைத்திருக்கிறேன், கால் வைக்க இடமில்லை. இது மாதிரிப் பெண்களுக்கென்று விடுதிகள் இருக்கும், வக்கீலம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. அவசரப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல். பரிசு வரட்டும், உன் சின்ன அறைச் சுவரைக் கூரை வரைக்கும் நானே ஏற்றித் தருகிறேன். சத்தியம்.

இருபதாம் தேதி உன்னை நேரில் பார்க்கப் போகிறேன்!

அளவுகோல்


ஆகஸ்ட் 25

என் அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ நலமா? கை எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

அன்று முதலில் பார்க்க வேண்டியிருந்த இன்னொரு கட்டடத்தை விட்டுவிட்டு நேராக வந்ததால் பத்து மணிக்கே வந்துவிட்டோம். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. நடுவர்களுக்குக் கட்டடம் ரொம்பப் பிடித்துவிட்டது. உன்னைத் தேடினேன், கண்ணில் படவில்லை. வண்டி காத்துக்கொண்டிருந்தது, அவர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சின்ன அறைச் சுவரைக் கூரை வரை ஏற்றுவதற்கான வரைபடம் இத்துடன் இருக்கிறது. கொத்தனாரம்மாவிடம் உடனே கொடு. நாளைக்கே தொடங்கச் சொல். பரிசு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நீ அத்தனை தடவை கேட்டாயே, அதனால்தான்.

உடனே பதில் எழுது.

அக்கா


செப்டம்பர் 20

தங்கைக்கு,

நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? நான்கு உறை அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. கணக்குத் தாளும் ஆகஸ்ட் இருபதோடு நிற்கிறது. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

பரிசு கிடைத்துவிட்டது.

ஒரு வரி எழுது போதும்.

அக்கா


நவம்பர் 4

அக்காவுக்கு,

நீ நலமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன்.

வீட்டின் பின்பக்கச் சுவரில் பூச்சு உதிர்கிறது என்று என் மாமியார் கொத்தனாரம்மாவை வரச் சொல்லியிருக்கிறார். அவர் பூசி முடிப்பதற்குள் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எனக்காக வேண்டுமென்றே மெதுவாகப் பூசிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒருத்தி நான்தான்.

இருபதாம் தேதி பதினொரு மணிக்குத்தான் மெஷினை நிறுத்துவார்கள், அதற்குள் முடித்துவிடலாம் என்று ஒன்பதரைக்கே வக்கீலம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் சத்தம் நின்றது எனக்குத் தெரிந்தது அக்கா. நூல் மாற்றுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். மணி பத்துதானே. ஏழு வருடமாக வாய்க்கு வராத பேச்சு அன்றைக்கு வந்துகொண்டிருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. மணிக்கட்டு, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது எல்லாம் சொன்னேன். "திங்கட்கிழமை குட்டியப் பள்ளிக்கூடத்துலேருந்தே கூட்டிக்கிட்டு பஸ் ஏறிடுவேன். எங்க அக்காகிட்ட மாடி ரூம் இருக்கு, முடியாதுன்னு எழுதியிருக்கா, நேர்ல போய் நின்னா அனுப்ப மாட்டா" என்றும் சொன்னேன். வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்துப் பேனாவை வைத்துவிட்டார். அப்போதுதான் கூடத்தில் இத்தனை பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

நான் வெளியே வந்தபோது மூன்றாவது மெஷின் காலியாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போய்விட்டார். குட்டியை அவருடைய அக்கா வீட்டுக்கு, வேறு ஊருக்கு, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அன்று நான் கையெழுத்துப் போடவே இல்லை. அதற்குப் பிறகு நான் வாசலைத் தாண்டவில்லை.

என் மாமியார் நான் சொன்னதை வரிக்கு வரி அவரிடம் ஒப்பித்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "உங்க அக்காவும் அங்கதான் நின்னா. எனக்குக் கேட்டது அவளுக்குக் கேட்காதா? ஒரு வார்த்த பேசினாளா? அவளுக்கே பெருசாப் படல." எங்கள் அக்கா கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருப்பாள், அவளுக்குக் கேட்டிருக்காது என்று நான் சொன்னேன். அதற்காக ஒரு அடியும் வாங்கினேன்.

நீ எங்கே நின்றாய் என்பதை மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


நவம்பர் 12

என் தங்கைக்கு,

நான்காவது மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எல்லாம் கேட்டது. முதல் வார்த்தையிலேயே உன் குரல் என்று தெரிந்துவிட்டது. உன் மாமியாரின் கை துணிமேல் அப்படியே நின்றதைப் பார்த்தேன். "மெஷினை ஓட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. நடுவர்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு மேலே காற்று போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நிமிடம்தான், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று நின்றுகொண்டிருந்தேன். மாடி ரூம் என்று நீ சொன்னபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு உன்னைத் தேடவில்லை. தேடினேன் என்று எழுதியது பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கல் அச்சை வரைந்தவள் நான். கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருக்கிறது. அதில் யார் கையும் மாட்டாது. பிப்ரவரி மாதம் உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான், இடது பக்கம் நில், இரண்டு கையாலும் பிடி என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். மாதிரிகளையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். யார் என்ன சொன்னாலும் உன்னை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன். தயாராக இரு.

அக்கா


ஜனவரி 28

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? முதுகுவலி தேவலையா? குட்டி நலம் என்று சொல்கிறார்கள்.

பரிசு கொடுத்தவர்கள் ஒரு வருடக் கணக்கு வேண்டும் என்கிறார்களாம். மையத்திலிருந்து வந்து கேட்டதால் என்னைத் தினமும் அரை மணி நேரம் விடுகிறார்கள். மாமியார் கூடவே வந்து நிற்கிறார். வாசலில் உன் பரிசைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கணக்குத் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

அன்று நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். என் பக்கத்தில் அவர், எதிரில் மாமியார், நடுவில் நீ. "நீ வாயத் தொறந்து சொல்லு, எங்கூட வர்றியா இல்லையா?" என்று எத்தனை தடவை கேட்டாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அத்தனை தடவையும் சொன்னேன். நீ அழுதுகொண்டே எழுந்தாய். மாமியார் காபி கொடுத்தார், அவர் வந்து உன்னைச் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் ஏன் வரவில்லை என்று உனக்கு இன்னும் புரியாமல் இருக்கலாம். நான் வாயைத் திறக்காத மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியை அழைத்துவந்து காட்டுகிறார்கள். இதுவரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கீழ் வரிசையில் இரண்டு பல் புதிதாக முளைத்திருக்கிறது.

கோபமா என்று அன்று நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன்மேல் கோபம் இருக்கிறது. போகவில்லை. போகும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் எழுத எனக்கு வேறு யாரும் இல்லை.

சின்ன அறைச் சுவரைக் கொத்தனாரம்மா கூரை வரை ஏற்றிவிட்டார். ஒரு விரல் நுழைய இடமில்லை. உள்ளே நின்று அவர் கத்தினார், நான் கூடத்தில் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. வேலை அத்தனை சுத்தம். ஆனால் அன்று கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். சுவரை ஏற்றியாகிவிட்டது என்றால் யாரும் நம்பவில்லை. நான்கு புதன்கிழமை காத்திருந்துவிட்டு வக்கீலம்மாவும் வருவதை நிறுத்திவிட்டார்.

மாமியார் கூப்பிடுகிறார்.

உன் தங்கை

ஜனவரி 28, புதன், காலை மணி பதினொன்று.
வெளியே 31.
தையல் கூடம் 30.
சின்ன அறை 35.
அறையில் இருந்தவர்கள்: யாருமில்லை.